மொட்டைவாலன்

தட்டிவிட்டாள். மூன்று. நானும் கழியால் தகர டிரம்மில் ஒன்று போட்டுவிட்டேன். சரி, இருக்கிறாள். இனி டீயைக் குடிக்கலாம். ஆறிப்போயிருக்கிறது. ஆறட்டும். டீ ஃபாக்டரியில் ஆயுசைக் கழித்தவனுக்கு ஆறின டீ புதிதா. வாசற்படியின் ஈரம் வேட்டியில் ஏறுகிறது. எழுந்து உள்ளே போய் உட்காரலாம், ஆனால் உள்ளே போனால் தட்டு கேட்காது. எனக்கு வலது காது மட்டும்தான். இடது காதை ரோலர் மெஷின் தின்றுவிட்டது. பச்சை இலையை அது நசுக்கி உருட்டுகிற சத்தத்துக்குப் பக்கத்திலேயே நின்று நின்று, ஒரு நாள் அந்தப் பக்கம் உலகமே இல்லாமல் போனது. வலி கிடையாது, ஒன்றும் கிடையாது. கதவைச் சாத்தின மாதிரி. பொள்ளாச்சி டாக்டர் காதுக்கு ஒரு மெஷின் கொடுத்தார், மாட்டினால் மழையெல்லாம் கடலை வறுக்கிற மாதிரி கேட்கிறது, கழற்றி அலமாரியில் போட்டேன். ஒரு காதே போதும். ஒரு காதில் ஒரு சங்கடம், சத்தம் வரும், எந்தப் பக்கத்திலிருந்து என்று வராது. பூனை கத்தினால் கூரையைப் பார்ப்பேன், அது காலடியில் இருக்கும். பவுனுத்தாயி சிரிப்பாள். என் வீட்டுக்காரி. பேரை மனசுக்குள் சொல்வதோடு சரி. ஏ என்றால் திரும்பிவிடுகிறவளுக்குப் பேர் எதற்கு. இந்த மலையில் பேரை வெளியே சொல்கிற பழக்கமும் கிடையாது, சோலைக்காட்டுப் பக்கமாக நின்று சொல்லவே கூடாது.

இந்தத் தட்டு எங்கள் எஸ்டேட் லைன் வீடுகளின் கட்டுப்பாடு. யார் போட்டது என்று தெரியாது, நாங்கள் வந்தபோதே இருந்தது. விறகுக்கோ புல்லுக்கோ சோலைக்குள் போனவர் கத்தியின் முதுகால் மரத்தில் மூன்று தட்டுத் தட்ட வேண்டும். நான் நன்றாக இருக்கிறேன் என்று அர்த்தம். வீட்டில் இருப்பவர் பதிலுக்கு ஒன்று. கேட்டது என்று அர்த்தம். பேர் சொல்லிக் கூப்பிட்டால் ஆனை அந்தப் பேரை வாங்கி வைத்துக்கொள்ளும் என்பார்கள். ஆனை என்றும் சொல்லக் கூடாது, பெரியவர். பெரியவர் பக்கத்தில் வந்துவிட்டால் தட்டக் கூடாது, ஓடக் கூடாது, மரத்தோடு மரமாக ஒட்டி நிற்க வேண்டும். ஆக, தட்டு வந்தால் டீ குடிக்கலாம். தட்டு நின்றால் டம்ளரைக் கீழே வைக்க வேண்டும். அவ்வளவுதான் சட்டம். கம்பெனிக்காரன் கம்பத்தில் சிவப்பு லைட் வைத்திருக்கிறான், பெரியவர் இந்தப் பக்கம் வந்தால் வாட்சர் எரியவிடுவான். நல்ல லைட். இந்த மூடுபனியில் கம்பமே தெரியவில்லை, லைட்டாம். செல்லில் மெசேஜ் வருமாம். டவர் இருந்தால். டொக் டொக் டொக். இதோ. இந்தா ஒன்று. தகரம் நன்றாகத்தான் சத்தம் போடுகிறது. கை வலிக்கிறது, கிட்டக் கிட்டத் தட்டுகிறாளே. எப்போதும் ஒரு கட்டு விறகு சேர்த்துவிட்டு ஒருமுறை தட்டுவாள். இன்றைக்கு என்ன அவசரம். பயமோ. பயப்படுகிற ஆளா அவள். என்னைச் சீண்டுகிறாள். தூங்கிவிடுவேன் என்று சந்தேகம்.

விறகு எதற்கு. கேஸ் இருக்கிறது. காலையிலேயே சொன்னேன். “கேஸ்ல சுடவச்ச தண்ணி ஒடம்புல ஒட்டாது” என்றாள். தண்ணீர் என்ன கோந்தா, ஒட்டுவதற்கு. “ஒட்டாட்டி போகுது. நீ பேசாம இரு” என்றேன். “முதுகு யாருக்குப் பிடிச்சிருக்கு? எனக்கா? ராத்திரி பூரா அய்யோ அம்மான்னது யாரு, நானா?” கொண்டையை முடிந்துகொண்டே கேட்டாள், வாயில் ஊசியைக் கடித்துக்கொண்டு. வாயில் ஊசி இருந்தாலும் பேச்சு நிற்காது. அப்புறம் முற்றத்து முனையில் நிற்கிற பட்ட மரத்தைப் பார்த்தாள். அதை எப்போதும் அப்படித்தான் பார்ப்பாள், கடைக்காரன் எடைக்கல்லைப் பார்க்கிற மாதிரி. சில்வர் ஓக். இடி விழுந்து பட்டது. “அந்த மரத்தச் சாய்ச்சா வருசத்துக்கும் வெறகு. நான் ஏன் சோலைக்குள்ள போகப்போறேன். இந்த மகாராசாவுக்குக் குருவி பாக்கணும்.” குருவி இல்லை, மரங்கொத்தி. சொன்னால் அதற்கும் சிரிப்பாள். கூடையையும் கயிற்றையும் எடுத்துக்கொண்டாள், கவ்வாத்துக் கத்தியை இடுப்பில் செருகினாள். தேயிலைச் செடியைக் கழிக்கிற கத்தி, ரிட்டையர் ஆனபோது திருப்பிக் கொடுக்காமல் வைத்துக்கொண்டாள். மூடுபனி அப்போதே மேட்டில் உட்கார்ந்திருந்தது. போகாதே என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொன்னால் கேட்பாளா. கேட்க மாட்டாள். சொல்லியிருக்கலாம்.

மொட்டைவாலனை இன்று காணோம். நான் வைத்த பேர். உள்ளங்கைக்குள் அடங்குகிற உருப்படி, கறுப்பும் வெள்ளையும், தலையில் மட்டும் தூங்கி எழுந்தவன் மயிர் மாதிரி ஒரு கொண்டை. வால் இருக்க வேண்டிய இடத்தில் வால் இல்லை, யாரோ கத்தரித்துவிட்ட மாதிரி. மற்ற மரங்கொத்திகள் வாலை மரத்தில் ஊன்றி உட்காரும். இவனுக்கு ஊன்றவே பத்தாது, ஆனாலும் ஏறுகிறான். நடப்பதில்லை, பறப்பதில்லை, விட்டு விட்டு ஒரு எம்பு, ஒரு எம்பு. நாம் பார்க்கிறோம் என்று தெரிந்தால் மரத்துக்கு அந்தப் பக்கம் போய்விடுவான். கொஞ்ச நேரம் கழித்து மேலே ஒரு பக்கத்தில் தலையை மட்டும் நீட்டுவான், போய்விட்டாயா கிழவா என்று. இறகில் சின்னச் சின்னக் கறுப்புப் புள்ளி, வெற்றிலை வடிவத்தில். அதைக்கூட அவள்தான் சொன்னாள். திட்டிக்கொண்டே பார்த்திருக்கிறாள். “வெத்தல போட்டுட்டு வந்திருக்கான் பாருங்க ஒங்க கூட்டாளி.” பூச்சி இருக்கிற இடத்தைத் தட்டிப் பார்ப்பான், காதை வைத்துக் கேட்பான், மறுபடி தட்டுவான். பொறுமைக்காரன். எனக்கு அந்தப் பொறுமை கிடையாது. இந்த மூடுபனியில் பூச்சி எங்கே போகும். அவன் எங்கே போவான். எங்கேயாவது ஒண்டியிருப்பான். டொக் டொக். டொக். வந்துவிட்டது. இந்தா. இரண்டும் ஒன்றுமாகத் தட்டுகிறாள், கை மரத்திருக்கும். குளிர். வரட்டும், சுடுதண்ணீர் நானே வைத்துக் கொடுக்கிறேன். கேஸில்தான் வைப்பேன்.

“மாமா, அத்தை இன்னும் வரலையா?” மரியசெல்வி. பக்கத்து வீடு. அவளும் நாங்களும்தான் இந்த லைனில் மிச்சம், மற்றவர்கள் பெரியவர் சுவரை உடைத்த பிறகு கீழ் லைனுக்குப் போய்விட்டார்கள். ஈரத் துணியை மறுபடி கொடியிலிருந்து எடுக்கிறாள், காயாது என்று தெரிந்தும் போடுகிறாள், எடுக்கிறாள். அவள் வீட்டுக்குள் டிவி அலறுகிறது, அது எனக்கே கேட்கிறது என்றால் பார்த்துக்கொள்ளலாம். “வருவா” என்றேன். “லைட்டு எரியுதா என்னன்னே தெரியல மாமா. காலையில கீழ் லைன்ல பெரியவரோட சாணி கெடந்துச்சாம், ஆவி பறக்குற சாணி. வாட்சர் அண்ணனுக்கு ஒரு போன் போடட்டுமா?” “எதுக்கு?” “எதுக்கா? அத்தை உள்ள இருக்காங்கள்ல.” “தட்டிக்கிட்டுத்தான் இருக்கா. இப்பக்கூடத் தட்டினா. ஒனக்குக் கேக்கலையா?” “இந்த டிவியில எனக்கு எங்க கேக்குது.” “அப்ப அமத்து.” “அமத்துனா புள்ள முழிச்சிக்கும் மாமா. டிவி ஓடுனாத்தான் தூங்குது. நீங்க வேற.” சிரித்தாள். “செவிட்டுக் காதுக்கே கேக்குதுன்னா செரிதான்” என்று சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டாள். பரவாயில்லை. பவுனுத்தாயி சொல்லாததா. போன் வேண்டாம் என்றேன். வாட்சர் வந்தால் நீளமாகப் பேசுவான், உள்ளே போகக் கூடாதுன்னு சொன்னோம்ல என்பான், அவள் வந்ததும் அவளையும் நிற்கவைத்துப் பேசுவான். வேண்டாம். போய்விட்டாள். துணி வாசனை மட்டும் நிற்கிறது, சோப்பும் பூஞ்சையும்.

ஆவி பறக்குற சாணி. கீழ் லைன் எங்கே, சோலை எங்கே. ஆனால் அதுகளுக்கு நடப்பது ஒரு வேலையா. இவ்வளவு பெரிய உடம்பு, காலடிச் சத்தம் கிடையாது. அதுதான் அக்கிரமம். ஃபாக்டரி லாரி இறங்கினால் கண்ணாடி நடுங்கும், இது சுவரோரமாகப் போனால் கோழிகூட எழுந்திரிக்காது. வயிற்றுக்குள் ஒரு முனகல் உண்டு, பவுனுத்தாயி சொல்வாள். எனக்குக் கேட்டதில்லை. எனக்கு நாற்றம்தான் தெரியும். புளித்த பலாச்சுளையும் நனைந்த வைக்கோலும். சுவரை உடைத்த ராத்திரி அந்த நாற்றத்தில்தான் விழித்தேன். அவள் என் வாயைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அரிசி மூட்டையைத் தேடி அது துதிக்கையை உள்ளே விட்டு, பாயைத் தடவி, அவள் கொலுசைத் தடவி, போனது. மறுநாள் அந்தக் கொலுசை அவள் கழற்றிவிட்டாள். செபஸ்தியானை நினைக்கக் கூடாது என்று இருந்தேன், நினைத்தாயிற்று. இதே லைனில் இருந்தவன், மாட்டைத் தேடிச் சோலைக்குள் போனவன். இதே மாதிரி மூடுபனி. நாங்கள் போனபோது பாதையில் அவன் குடை விரித்தபடி நின்றது, ஒரு கம்பி வளையவில்லை, மேலே மழைத்துளி உருண்டுகொண்டிருந்தது. குடைக்கு அப்பால் நான் போகவில்லை. போனவர்கள் வாந்தி எடுத்தார்கள். குடையை யாரும் எடுத்துக்கொள்ளவில்லை, ரொம்ப நாள் அங்கேயே கிடந்து துணி போய்க் கம்பியாக நின்றது. அவன் வீட்டிலும் அன்றைக்குத் தட்டுக்காகத்தான் காத்திருந்தார்கள். தட்டு நின்றதும் தெரிந்துவிட்டது. ஆனால் இங்கே நிற்கவில்லை. டொக் டொக் டொக் டொக். கேட்கிறதே. நான்கா? மூன்றுதான். நான்கு மாதிரி இருந்தது. கை தவறியிருக்கும். பதிலுக்கு நான் போட்டது ஒன்றுதான். மூன்று என்பதை நான்காகத் தட்டுகிற ஆளில்லை அவள். இலை எடுக்கிறபோது இரண்டு இலை ஒரு மொட்டு, மூன்றாவது இலை ஒன்று அவள் கூடையில் பார்க்க முடியாது. கணக்கு தப்பாது அவளுக்கு. களைத்துப்போயிருப்பாள்.

கடைத்தெருவுக்குப் போனால் எப்போதும் என் இடது பக்கம்தான் நடப்பாள். ஒரு நாளும் வலது பக்கம் வந்ததில்லை. லாரி வந்தால் முழங்கைக்கு மேலே பிடித்து ஒரு இழுப்பு, அவ்வளவுதான், ஒரு வார்த்தை கிடையாது. பேச வேண்டியதெல்லாம் வீட்டுக்கு வந்து வலது பக்கம் உட்கார்ந்து பேசிக்கொள்வாள். தூங்கும்போதும் இடது பக்கம். மூச்சு அந்தக் கன்னத்தில் படும். சத்தம் இல்லை, சூடு மட்டும். அந்தப் பக்கம் உலகம் இல்லை என்றேனே, பொய். அந்தப் பக்கம் அவள். அவ்வளவுதான் அந்தப் பக்கம். காற்று மாறுகிறது. மூடுபனி அசைகிறது. முதலில் டிரம்மின் விளிம்பு, பிறகு கொடிக் கம்பம், பிறகு முற்றத்து முனை. பட்ட மரம் வருகிறது, அடியிலிருந்து மேலே, யாரோ வரைந்துகொண்டு போகிற மாதிரி. அடடே, இருக்கிறான். மொட்டைவாலன். கொண்டையெல்லாம் நனைந்து சப்பென்று இருக்கிறான். ஒரு எம்பு. ஒரு எம்பு. நின்றான். தலையைப் பின்னுக்கு இழுத்தான்.

டொக். டொக். டொக்.

கை தானாகக் கழியைத் தூக்கிவிட்டது. தகரத்தில் விழுவதற்கு முன் நிறுத்திவிட்டேன். இல்லை. அவள்தான். அவள் தட்டுகிற நேரமும் இவன் தட்டுகிற நேரமும் ஒன்றாக வந்திருக்கும். இன்னொரு முறை பார். ஏறினான். நின்றான். தலை போனது, வந்தது, போனது, வந்தது, கண்ணுக்குத் தெரிகிறபோதெல்லாம் காதுக்குக் கேட்டது. எவ்வளவு நேரமாக. இந்த டீ ஆறுவதற்கு முன்னாலிருந்தா. மரியசெல்வி வருவதற்கு முன்னாலிருந்தா. கிட்டக் கிட்டத் தட்டுகிறாளே என்று நினைத்தேனே, அப்போதிருந்தா. கடைசியாக அவளே தட்டியது எது. எது அவள், எது இவன். பிரிக்க முடியவில்லை. ஊறவைத்த அரிசியிலிருந்து கல்லைப் பொறுக்குகிற மாதிரி ஒவ்வொரு தட்டாக எடுத்துப் பார்க்கிறேன், எல்லாம் ஒரே நிறம். அவள் தட்டாமல் நின்றிருக்கிறாள். தட்டாமல் நின்றால் என்ன அர்த்தம் என்று இந்த மலையில் கைக்குழந்தைக்கும் தெரியும். அவள் வாயைத் திறக்காமல் சொல்லியிருக்கிறாள், நான் கேட்கவில்லை, இவன் அதன்மேல் தட்டிக்கொண்டிருந்தான். நான் வேறு பதில் போட்டிருக்கிறேன். ஒன்று, ஒன்று, ஒன்று. மரத்தோடு ஒட்டி நின்றுகொண்டு அதைக் கேட்டிருப்பாள். நான் தட்டவே இல்லையே, இந்த மனுசன் யாருக்குப் பதில் சொல்றார். அப்படி நினைத்திருப்பாள். சிரிப்பு வந்திருக்கும் அவளுக்கு. வந்திருக்குமா. கல்லை எடுத்து எறிந்தேன். மரத்தில் பட்டது. மொட்டைவாலன் ஒரு கிறீச்சோடு கிளம்பி, அலை மாதிரி ஏறி இறங்கி, நேராகச் சோலைக்குள் போனான். எறிந்த பிறகுதான் புரிந்தது. அவன் இங்கேயே இருந்திருந்தால் கண்ணால் பார்த்து இது நீ என்று கழித்திருப்பேன். அவனை அவள் பக்கமாகவே அனுப்பிவிட்டேன். இனி அங்கிருந்து எது வந்தாலும் நம்ப முடியாது.

எதுவும் வரவில்லை. காதைத் திருப்பித் திருப்பி வைக்கிறேன். டிவி. சொட்டு. டிவி. “மரியசெல்வி!” என்று கத்தினேன். “வாட்சருக்குப் போன் போடு. இப்பவே போடு.” ஓடி வந்தாள், கையில் கரண்டி. “என்ன மாமா, தட்டுறாங்கன்னீங்க?” “தட்டல. போடு.” “டவர் இல்ல மாமா, மேட்டுக்குப் போய்த்தான்... நீங்க எங்க போறீங்க? மாமா! அவங்க வரட்டும் மாமா!” வரட்டும். அவர்கள் செருப்பு மாட்டி, டார்ச் எடுத்து, பட்டாசு எடுத்து, ஜீப்பைத் தள்ளி வரட்டும். முதுகு வலியைக் காணோம். எங்கே போனதோ தெரியவில்லை. முற்றம் தாண்டி, வேலி தாண்டி, தேயிலை முடிகிற இடத்தில் சோலை ஆரம்பிக்கிறது. வாசலெல்லாம் கிடையாது, ஒரு அடி வெளிச்சம், அடுத்த அடி இருட்டு. உள்ளே மூடுபனி இன்னும் கெட்டி. மரங்கள் ஒவ்வொன்றாக எதிரே வந்து நிற்கின்றன, ஆள் மாதிரி, கிட்டே போனால் மரம். பாசி கையில் வழிகிறது. இதோ அவள் கட்டின கட்டு ஒன்று. கயிறு இழுத்து முடிச்சுப் போட்டது. பக்கத்தில் இன்னொன்று, முடிச்சு இல்லை. பாதிக் கயிறு தரையில் பாம்பு மாதிரி. கத்தி இல்லை. கூடை இல்லை. ரத்தம் இல்லை. அதைத்தான் முதலில் தேடினேன், சொல்லக் கூசவில்லை. குடை எதுவும் இல்லை.

டொக். டொக். டொக்.

நின்றேன். எங்கே. மேலா, கீழா, முன்னா, பின்னா. ஒரு காது நாலு பக்கமும் கையைக் காட்டுகிறது. தலையைத் திருப்பினேன், சத்தமும் கூடவே திரும்பியது. அவளா. அவனா. அவளாக இருந்தால் நன்றாக இருக்கிறாள், பெரியவர் போய்விட்டார், வீட்டுக்குப் போய்ச் சண்டை போடலாம். அவனாக இருந்தால். இன்னொரு முறை தட்டு. ஏ. ஏ, இன்னொரு முறை. தட்டவில்லை. இலையிலிருந்து தண்ணீர் என் கழுத்தில் விழுகிறது. எனக்குப் பொறுமை கிடையாது. ஒரு நாளும் இருந்ததில்லை. வாயைத் திறந்தேன், அது தானாக வந்துவிட்டது, இந்த மலைக்கு வந்த பிறகு ஒரு தடவைகூட வெளியே விடாதது. “பவுனுத்தாயி!” என் குரல் எனக்கே பெரிதாகக் கேட்டது. சோலை அதை வாங்கிக்கொண்டது. திருப்பித் தரவில்லை. “பவுனு!” என்றேன், மறுபடியும். எங்கேயோ ஒரு கிளை முறிந்தது. முறிந்ததா, மிதிபட்டதா. அப்புறம் ஒன்றும் இல்லை. அப்புறம் இடது கன்னத்தில் சூடு. மூச்சு. நீளமாக, ஈரமாக, நிதானமாக, என் காது மடலைத் தொட்டுக்கொண்டு. அப்பாடா. வந்துவிட்டாள். அவள் பக்கத்துக்கு வந்துவிட்டாள். முழங்கையைப் பிடிக்கப் போகிறாள், இழுக்கப் போகிறாள், வீட்டுக்குப் போய் வலது பக்கம் உட்கார்ந்து திட்டப் போகிறாள். திட்டட்டும். நாளைக்கே அந்த மரத்தைச் சாய்த்துவிடுகிறேன் என்று சொல்லத் திரும்பப் போனேன்.

“திரும்பாதீங்க.”

பவுனுத்தாயியின் குரல். ரகசியம் பேசுகிற குரல். வலது காதில் கேட்கிறது. எதிரே பெரிய மரம், அதன் வேர்கள் சுவர் மாதிரி எழுந்து நிற்கின்றன, அந்த இடுக்கில் அவள் முகம், கண் மட்டும், கூடையை மார்போடு அணைத்துக்கொண்டு. கத்தி தரையில் கிடக்கிறது. அவள் என்னைப் பார்க்கவில்லை. என் தலைக்கு மேலே, இடது பக்கமாக, உயரத்தில் எதையோ பார்க்கிறாள். “அசையாதீங்க. பேசாதீங்க. நான் இங்கதான் இருக்கேன்.”

இடது கன்னத்தில் மூச்சு இன்னும் படுகிறது. புளித்த பலாச்சுளை, நனைந்த வைக்கோல். எங்கேயோ மேலே மொட்டைவாலன் தட்டுகிறான், மூன்று, நிதானமாக.